கேட்டால் சொல்வேன்

எங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டில் ஏழு வருடம் குடியிருந்த அந்த அம்மாவிடம் யாரும் நேருக்கு நேர் நின்று பேச மாட்டார்கள். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு பேசுவார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வார்கள். அவர் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள், அவரைவிடத் தன்மையாகப் பேசுகிற ஆள் எங்கள் சேலையூரில் கிடையாது. அவர் நோய்க்குறியியல் மருத்துவர். எதையும் பார்ப்பார், பார்த்ததைச் சொல்லிவிடுவார். அவரிடம் இருந்த குறை அது ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை பார்த்தும் சொல்லாமல் விட்டார். அது என் கணவரின் கால் கட்டைவிரல் விஷயம். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதைப் படித்தால் பழி முழுக்க அவர்மேல் விழும். ஏற்கெனவே விழுந்தது போதும்.

ஜி.எஸ்.டி. ரோட்டில், தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த லேபில் அவருக்கு வேலை. சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுக்கும் கட்டிகளும் சதைத் துண்டுகளும் மூடி போட்ட டப்பாக்களில் அங்கே வரும். அவற்றை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பார். எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேருக்கு அவர் 'ரத்தம் டெஸ்ட் பண்ற அம்மா'. மீதிப் பேருக்கு டாக்டரம்மா. எனக்கு மேடம். நான் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறவள் என்பதால் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பொண்ணு பார்க்க வந்தவங்களை எல்லாம் நான் பார்த்துட்டேன் டீச்சர்" என்றார். சிரித்தேன். பிறகு யோசித்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை இருவரும் மின்சார ரயிலில் பல்லாவரம் வரை போனோம். மேலே கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மேடம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடத்தின் தொடையை அழுத்தினேன். பயனில்லை.

"சார், உங்க விரல் நுனி எல்லாம் இப்படி உருண்டையாத்தான் எப்பவும் இருக்குமா, இல்ல இப்போ கொஞ்ச நாளாவா?"

அந்த மனிதர் தன் விரலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "தெரியலையேம்மா."

"சிகரெட் உண்டா? நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. இந்த வாரமே."

குரோம்பேட்டையில் அவர் இறங்கிப் போய் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். மேடத்துக்கு அதில் வருத்தமே இல்லை. "எடுத்துடுவார்" என்று மட்டும் சொன்னார்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். ஒரு ஆடிப் பெருக்குக்கு ஜவ்வரிசிப் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "மண்ணீரல்ல சில பேருக்கு அப்படியே இந்த மாதிரி இருக்கும், முத்து முத்தா" என்றார். இதயம் பழுதாகி ரத்தம் தேங்கினால் ஈரல் வெட்டிய ஜாதிக்காய் மாதிரி ஆகும் என்பார். காசநோய்க் கட்டி உள்ளே உதிர்த்த பன்னீர் என்பார். சொல்லிக்கொண்டே பாயசத்தை வழித்துச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு மாதம் ஜவ்வரிசி இறங்கவில்லை.

கட்டி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும் என்று ஒருநாள் என் மாணவிகளுக்காகக் கேட்டேன். அவர் பால்கனிக்குக் கூட்டிப்போய் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "நல்ல கட்டி தன் மனைக்குள்ள வீடு கட்டும் டீச்சர். சுத்திக் காம்பவுண்டு போட்டுக்கும். பெருசானா பக்கத்துல இருக்கறதைத் தள்ளும், அவ்வளவுதான். கெட்டதுக்குக் காம்பவுண்டே கிடையாது. ஏரியில கட்றாங்க பாருங்க, அது மாதிரி பக்கத்து இடத்துக்குள்ளயே போயிடும். அப்புறம் ரத்தத்துல ஏறி வேற ஊர்லயும் போய்க் கட்டும்." இருபத்தாறு வருடம் செல் பிரிதலைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள் நான். இவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொன்னதில்லை.

அடுக்ககத்து வாசலில் பூ விற்ற அம்மா எந்நேரமும் வாயில் எதையாவது அடக்கிவைத்திருப்பார். மேடம் ஒரு முழம் மல்லி வாங்கப் போய், "வாயைத் திறங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"இன்னாம்மா, பூ வாங்க வந்தியா, பல்லு புடுங்க வந்தியா?"

"கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணு இருக்கு. வழிச்சா போகாது. நாளைக்கு லேபுக்கு வாங்க."

"எனுக்கு ஒண்ணியும் இல்ல. நீ போ, காலைலயே பேஜார் பண்ணாத."

மேடம் மூன்று மாதம் தினமும் ஒரு முழம் வாங்கினார். தினமும் வாயைத் திறக்கச் சொன்னார். கடைசியில் அந்தத் தொல்லை தாங்காமல்தான் பூக்காரம்மா லேபுக்குப் போனார். ஆபரேஷன் முடிந்து பாதிக் கன்னம் இல்லாமல் வந்து மறுபடி கடை போட்டார். "மூஞ்சி போச்சு, உசுரு கீது" என்று குழறலாகச் சொல்லி, மேடத்தின் தலையில் தானே பூ வைத்துவிட்டார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. மூன்றாம் மாடியில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். லிஃப்டில் ஒருநாள் மேடம் அவர் கண்களையே பார்த்திருக்கிறார். வெள்ளை விழி லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

"வயித்துல வலி இருக்கா சார்?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"வலி இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் மேடம்.

கணையத்தில் புற்று இருந்தது. ஐந்தாவது மாதம் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும், "அன்னைக்கு லிஃப்ட்ல அவ வாய் வெச்சா, அதோட போச்சு" என்று அழுதார். அன்றிலிருந்து மேடத்துக்குக் கரிநாக்கு என்று பெயர் வந்தது. சொன்னால் பலித்துவிடும். நான் சிரித்தேன். வந்த நோயைப் பார்த்துச் சொல்கிறார், சொல்வதால் வருமா என்று மாடிப்படியில் நின்று பாடம்கூட நடத்தினேன். பாடம் நடத்துவது சுலபம்.

அடுத்ததாக இரண்டாம் மாடிப் பெண்ணின் நிச்சயதார்த்தம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேடம் அந்தப் பெண்ணிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "குடிம்மா. ஒரு வாய் வெச்சு முழுங்கு" என்றார். பெண் விழுங்கினாள். மேடம் குனிந்து அவள் தொண்டையைப் பார்த்தார். "இன்னொரு தடவை." விழுங்கும்போது சின்னதாக ஒரு உருண்டை மேலே ஏறி இறங்கியதை அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், மாப்பிள்ளையின் அத்தை உட்பட. தட்டுகள் திரும்பிப் போயின. ஊசி போட்டுச் சோதித்ததில் அது ஒன்றுமே இல்லாத சாதாரணக் கட்டி.

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதே டீச்சர், நல்லதுதானே?" என்று மேடம் என்னிடம் கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

பெண்கள் எல்லாம் கூடிப் பேசி, அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் என்பதால் என்னை அனுப்பினார்கள். போனேன். "மேடம், நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா மனுஷங்க பயப்படறாங்க. இனிமே நம்ம பில்டிங்ல யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க" என்றேன். கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன். எனக்கு அப்படித்தான் வரும்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "சரி டீச்சர். யாராவது கேட்டா சொல்வேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன்" என்றார்.

அதன் பிறகு அந்தக் கண்கள் இன்னும் பயமாக இருந்தன. முன்பெல்லாம் பார்த்தார், சொன்னார், முடிந்தது. இப்போது பார்த்துவிட்டுச் சும்மா போனார். எதைப் பார்த்தார் என்று தெரியாமல் ஆளாளுக்குக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டோம். ஒருத்தரும் போய்க் கேட்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் என் கணவர் மாலை போட்டார். அவருக்கு அது பதினெட்டாவது வருடம். பதினெட்டாம் வருடம் மலைக்குப் போகிறவர் தென்னங்கன்று எடுத்துப்போய் அங்கே வைப்பார், அதன் பிறகு அவர் குருசாமி. பதினேழு வருடமாக அதற்காகக் காத்திருந்த மனிதர் அவர். கன்றைக்கூட ஆவணியிலேயே வாங்கிவந்து பால்கனியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினார். ஐப்பசியிலிருந்தே அவர் வலது கால் கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது.

"எங்க இடிச்சுக்கிட்டீங்க?"

"எங்கயாவது இடிச்சிருப்பேன். வலிக்கலையே."

மாலை போட்ட பிறகு செருப்பு கிடையாது என்பதால் கல்லோ முள்ளோ குத்தி இன்னும் ஆறாமல் இருக்கும் என்று மஞ்சள் அரைத்துப் போட்டேன். கறுப்பு போகவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மார்கழியில் வீட்டில் பூஜை வைத்து அன்னதானம் போட்டோம். அடுக்ககமே வந்தது. பூஜை முடிந்ததும் மாலை போட்ட சாமிகள் வரிசையாக நிற்க, ஒவ்வொருவராகக் காலில் விழுந்து கும்பிட்டார்கள். மேடத்துக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது, முட்டிவலி வேறு. ஆனாலும் சபைக்கு மரியாதை என்று சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டு, என் கணவர் காலடியில் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கைக் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து என் கணவரின் நகத்தின் அடியில், தோலில், ஒருமுறை தேய்த்தது. இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தது. பாத தூளி எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்த என் கணவர் நெகிழ்ந்துபோய், "சாமியே சரணம்" என்றார். பின்னால் யாரோ, "டாக்டரம்மாவுக்கு எவ்ளோ பக்தி பாரேன்" என்றார்கள். நான் அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு நகத்தோடு நிற்கவில்லை. நகத்தின் வேரைத் தாண்டித் தோலுக்குள் கசிந்திருந்தது. அழுக்காக இருந்தால் தேய்த்ததில் போயிருக்கும். ரத்தக்கட்டாக இருந்தால் நகத்தோடு நின்றிருக்கும்.

மேடம் எழுந்தார். என் கணவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"டீச்சர், ஏதாவது கேக்கணுமா?"

சுற்றிலும் ஐம்பது பேர், சரண கோஷம், சாம்பிராணிப் புகை. "சாப்பிட்டுப் போங்க மேடம்" என்றேன். அவர் சாப்பிடாமலே போனார்.

மறுநாள் காலை என் கணவர் குளிக்கப் போயிருந்தபோது கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. "கேளுங்க டீச்சர். நீங்க ஒரு வார்த்தை கேட்டா போதும்" என்றார் மெதுவாக.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். நான் கையை உயர்த்தி அவரைத் தடுத்தேன். "மாலை போட்டவர் இருக்கிற வீடு மேடம். இப்போ எதுவும் வேண்டாம். மலைக்குப் போயிட்டு வரட்டும்." பாதியில் மாலையைக் கழற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். பதினெட்டாம் வருடம் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு உண்மையைச் சொல்கிறேன். அவர் வாயால் அதைச் சொல்லிவிட்டால் அது வந்துவிடும் என்று பயந்தேன். கரிநாக்கு என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்த நான்தான் பயந்தேன்.

"எத்தனை நாள்?" என்றார்.

"இருபத்திரண்டு."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கணவர் கன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். பொங்கல் முடிந்த வாரம் மேடம் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். "மாலை கழட்டியாச்சா?"

"ஆச்சு மேடம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. சானடோரியம் பக்கத்துல. ஒண்ணுமில்ல, ரத்தக்கட்டுதான்னு சொல்லிட்டாரு" என்றேன். வாயில் தானாக வந்தது.

"பயாப்ஸி எடுத்தாங்களா?"

"ம்."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "அப்போ சரி. நான்தான் தப்பா பார்த்துட்டேன் போல. நிம்மதி டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறருடைய பொய்யைப் பார்க்க மட்டும் அவருக்குக் கண் இல்லை.

பங்குனியில் நகம் கழன்று விழுந்தது. அடியில் ஆறாத புண். தெருமுனை டாக்டர் நகச்சுத்தி என்று களிம்பு கொடுத்தார், அதைப் போட்டே இரண்டு மாதம் போனது. ஆனியில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்தார்கள். எடுத்த துண்டு எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? ஜி.எஸ்.டி. ரோட்டில் செருப்புக் கடை மாடிக்குத்தான்.

மேடம் தானே கவரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் நின்றோம். "முன்னாடி பயாப்ஸி எடுத்தோம்னு சொன்னீங்களே" என்றார். நான் கவரைப் பார்த்தேன். "எடுக்கல, இல்லையா?" தலையை அசைத்தேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. கவரைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "நாலரை மில்லிமீட்டர் உள்ள இறங்கியிருக்கு. கறுப்புப் புற்று இது டீச்சர், இதுக்கு ஆழம்தான் எல்லாம்."

"அன்னைக்கே கேட்டிருந்தா?"

"மார்கழியில எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா குறைவாத்தான் இருந்திருக்கும் டீச்சர்." ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

கால் கட்டைவிரலை எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் தொடை இடுக்கில் நெறி கட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் பார்க்க வந்தார். நான் காபி போட உள்ளே போனேன். என் கணவர் கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியபடி கேட்பது காதில் விழுந்தது.

"மேடம், அன்னைக்குப் பூஜையில என் கால்ல விழுந்தப்போ ரொம்ப நேரம் குனிஞ்சு இருந்தீங்களே. நான் அதை யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அப்பவே பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"என்னன்னு தெரிஞ்சுதா?"

"சந்தேகம் வந்துச்சு."

"ரயில்ல போற வர்றவங்களுக்கெல்லாம் சொல்றீங்க. எதிர் வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

நான் டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றேன். மேடம் இருந்த இடத்திலிருந்து நான் நேராகத் தெரிவேன். அவர் என் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. எதையும் பார்க்காமல் இருக்கத் தெரியாத அந்தப் பெண்மணி, தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லியிருக்கணும் சார். என் தப்புதான்" என்றார்.

என் கணவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. "இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க" என்றார்.

மேடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். நான் காபியைத் தொட்டியில் கொட்டினேன். அந்த வருட முடிவுக்குள் அவர் வீட்டை விற்றுவிட்டுக் கேளம்பாக்கம் பக்கம் போய்விட்டார். சாமான் ஏற்றிய அன்று நான் கதவைத் திறக்கவில்லை. விஷயம் எப்படியோ பரவி, கரிநாக்கு என்று பயந்தவர்களே இப்போது கல்நெஞ்சக்காரி என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் கணவர் அதற்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தார். நுரையீரலுக்குப் போய், பேச மூச்சு வாங்கிய நாட்களிலும், "பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டுப் போனாளே, அவ நல்லா இருப்பாளா?" என்பார். "விடுங்க" என்பேன். கடைசி வாரத்தில் ஒருநாள் மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்கு மட்டும் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, மாலையாவது மலையாவதுன்னு என்னைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பே, இல்ல?"

"ஆமாங்க" என்றேன்.